கிழக்கே போனால் வயது குறையும்

பாடாலூரில் இறங்க வேண்டும் என்றதுமே நடத்துநர், "ஊட்டத்தூர் கோயிலுக்கா? ஸ்டாப்பிங்லயே ஆட்டோ நிக்கும்" என்றார். சிறுநீரகக் கோளாறு தீர வேண்டி ஊட்டத்தூர் நடராசருக்கு வெட்டிவேர் மாலை சாத்த வருகிறவர்கள் இறங்குகிற இடம் அது. அவர்கள் கல் கரைய வருகிறார்கள், நான் கல் தேடி வந்திருக்கிறேன் என்று அவரிடம் விளக்க நேரமில்லை. பேருந்து பெரம்பலூரைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

டீக்கடை வாசலில் வேன் நின்றது. திருச்சிப் பக்கத்து ஆசிரியர்கள் சிலரும், ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து மழைக்காலம் முடிந்ததும் நடத்துகிற ஃபாசில் நடை, அதாவது புதைபடிவம் தேடும் நடை. சங்கம் என்று பதிவு செய்த பெயரெல்லாம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், வேன் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். அந்தச் சனிக்கிழமை வந்தவர்களில் ஒரு செவிலியர், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி, முதுகலை படிக்கும் இரண்டு பெண்கள், நாலாம் வகுப்புப் பையனைக் கூட்டி வந்த ஓர் அப்பா ஆகியோர் இருந்தார்கள். பையனுக்கு டைனோசர் வேண்டும். வேன் ஏறும் முன்பே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

பேராசிரியர் முதலில் கையில் கொடுத்தது சுத்தியலை அல்ல, ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. "எடுக்கறதுக்கு முன்னாடி எழுதுங்க. எழுதாதவங்க எடுக்க வேண்டாம்." அன்று முழுக்க அவர் பிடிவாதம் பிடித்தது இந்த ஒன்றுக்குத்தான்.

தமிழ்நாட்டில் பாதிப் பேர் அரியலூரைச் சிமெண்டால் அறிவார்கள், மீதிப் பேர் 1956 ரயில் விபத்தால் அறிவார்கள். நிலவியல் படித்தவர்களுக்கு அது வேறு. இந்தியா, அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் நிலம் கிழிந்து பள்ளங்கள் உண்டாயின. அப்படி உண்டான காவிரிப் படுகைக்குள் கடல் வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. பெரம்பலூர், அரியலூர், திருச்சி மாவட்டங்களின் எல்லைகள் கூடுகிற இடத்தில் அந்தக் கடலின் அடிமண் இன்று வெட்டவெளியில் கிடக்கிறது. அதன் அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று இந்த ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். உலகில் எங்கே அந்தக் கடல் இருந்த கிரெட்டேசியஸ் காலத்தைப் பற்றிப் படித்தாலும் இந்தப் பெயர்கள் கண்ணில் படும். ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போகிற ஊட்டத்தூர்தான் அது.

அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் மேற்கே கிடப்பது பழையது, கிழக்கே போகப் போக இளையது. காரையில் காலையில் இறங்கினால் ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டு. மாலையில் அரியலூர் சேரும்போது ஏழு கோடி ஆண்டு. நடுவில் சாப்பாடு.

காரைக்குப் போகிற சாலையில் பருத்தியும் மக்காச்சோளமும் அறுத்து முடிந்த வயல்கள். கரிசல் சட்டென்று முடிந்து நிலம் வெளுக்கிறது. வேன் நின்ற இடத்துக்கு அப்பால் ஒரு மரம் கிடையாது, அங்கங்கே சீமைக்கருவேல் புதர்தான். மழை அரித்து அரித்து உண்டாக்கிய மேடும் பள்ளமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. சாம்பல், காவி, மங்கிய மஞ்சள் என்று பட்டை பட்டையாகக் களிமண். வெயில் ஏறியதும் தரை முழுக்க மின்னியது. கண்ணாடிச் சில்லு என்று நினைத்து செவிலியர் செருப்பைக் கழற்றத் தயங்கினார். அது ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும், ஓரத்தைப் பிடித்தால் ஏடு ஏடாகப் பிரியும்.

"நடக்காதீங்க. உட்காருங்க" என்றார் பேராசிரியர். எல்லோரும் மண்ணில் உட்கார்ந்தோம். நின்றுகொண்டு பார்த்தால் இது பொட்டல், உட்கார்ந்து பார்த்தால் கடல் என்பது அவர் கணக்கு. முதலில் கண்டுபிடித்தது வங்கிக்காரர். விரல் பருமனில், ஒரு முனை கூராக, உடைந்த சிலேட்டுக் குச்சி போல ஒன்று. பெலம்னைட். கணவாய்க்குத் தூரத்து உறவான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த தண்டு இது. அதன் உடைந்த முகத்தை எச்சில் தொட்டுத் துடைத்து வெயிலில் காட்டினார் பேராசிரியர். தேன் நிறத்தில், நடுப்புள்ளியிலிருந்து சுற்றிலும் மெல்லிய கதிர்கள் ஓடின. அவற்றின் குறுக்கே வளையங்கள். பிராணி வளர வளரச் சேர்ந்த கால்சைட் அடுக்குகள் அவை. சொட்டு மருந்துக் குப்பியில் கொண்டுவந்த நீர்த்த அமிலத்தை ஒரு துளி விட்டார். நுரைத்தது. பக்கத்தில் கிடந்த, பார்வைக்கு அதே போலிருந்த ஒரு கருப்புக் கல்லின் மேல் விட்டார். சும்மா கிடந்தது. "நுரைச்சா சுண்ணாம்பு. நுரைக்கலேன்னா வேற ஏதோ. கண்ணை நம்பாதீங்க."

ஒன்றைக் கண்டதும் எல்லோர் கண்ணிலும் பட ஆரம்பித்தது. சுருண்ட புழுக்குழாய்கள், சிப்பி ஓட்டுத் துண்டுகள், பாஸ்பேட் உருண்டைகள். மாமி முந்தானையில் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். "மாமி, நோட்டு" என்றது ஒரு குரல். முந்தானை காலியானது.

அப்போதுதான் ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். கையில் தொரட்டி, தலையில் துண்டு. எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"போன மாசம் வந்தவங்களா நீங்க?"

"இல்லீங்க ஆயா. நாங்க இன்னிக்குத்தான் வர்றோம்."

"அவங்க சாக்குல அள்ளி கார் டிக்கியில போட்டாங்க. எதுக்குப்பா இது, மருந்துக்கா?"

பேராசிரியர் எழுந்து பக்கத்தில் போய், இங்கே முன்னொரு காலத்தில் கடல் இருந்தது, இவை அதில் இருந்த உயிர்கள் என்றார். பாட்டிக்கு அதில் பெரிய வியப்பில்லை. "கடலா? இருக்கும். சின்னப் புள்ளையில சிப்பி பொறுக்கித்தான் சொட்டாங்கல் ஆடுவோம். சிப்பி இருந்தா கடல் இருந்திருக்கும்ல?" ஐரோப்பாவில் அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தகராறு செய்து வந்து சேர்ந்த முடிவு இது. பாட்டிக்கு அரை நிமிடம் ஆனது. பிறகு தொரட்டியால் காட்டினார்: "இங்க என்னத்தக் கிடைக்கும், எல்லாம் மிதிச்ச இடம். அந்த ஓடைக்குள்ள போங்க. இந்த மழையில கரை சரிஞ்சு கிடக்கு."

அன்றைய நல்ல புதைபடிவம் அந்த ஓடையில்தான் கிடைத்தது. பார்த்தது பையன். சரிந்த கரையின் சாம்பல் பட்டையில் பாதி புதைந்து, உள்ளங்கை அகலத்தில், சுருள் ஓடுள்ள பழங்கடல் பிராணியான ஓர் அம்மோனைட். அவன் கையை நீட்டியதும் பேராசிரியர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, முதல்ல போட்டோ. பக்கத்துல பேனாவை வை, அளவு தெரியணும். அப்புறம் கரை மேலேர்ந்து எத்தனாவது பட்டைன்னு எண்ணு." பையன் எண்ணினான். எண்ணி முடித்து எழுதினான்: காரை, கிழக்கு ஓடை, மேலிருந்து மூணாவது பட்டை, சாம்பல் களி, தேதி, கண்டெடுத்தவர் பெயர். ஆடு மேய்த்த பாட்டியின் பெயரையும் கேட்டு எழுதச் சொன்னார் பேராசிரியர். "இடத்தைக் காட்டினவங்க அவங்கதானே?"

மாமிக்கு ஒரு சந்தேகம். "இது சாளக்கிராமம் மாதிரின்னா இருக்கு?" ஆமாம் என்றார் பேராசிரியர். கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான், வயதில் இதைவிட மூத்தது. அது ஜுராசிக், இது கிரெட்டேசியஸ். மாமி உடனே கையை எடுத்துக்கொண்டார். பிறகு ஏதோ யோசித்து மறுபடி தொட்டார்.

அம்மோனைட்டைத் திருப்பிக் காட்டியபோது ஓடு போய்விட்ட ஓர் இடத்தில் இலை நரம்புபோல் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் தெரிந்தன. பிராணி வளர வளரப் பழைய அறையைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு முன்னால் நகரும். கடைசி அறையில்தான் அது குடியிருக்கும், அடைத்த அறைகளில் காற்று. அந்தச் சுவர் ஓட்டோடு சேரும் இடம்தான் இந்தக் கோடு. அது எப்படி மடிகிறது என்பதை வைத்து இனத்தைச் சொல்கிறார்கள், இனத்தை வைத்துப் பாறையின் வயதைச் சொல்கிறார்கள். அம்மோனைட்டுகள் பரவலாக வாழ்ந்து, வேகமாக உருமாறி, 6.6 கோடி ஆண்டுக்கு முன் மொத்தமாக அழிந்தவை. ஆகவே காலம் குறிக்க இவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் எந்தப் பட்டையில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அந்தச் சாட்சி செல்லும். சாக்கில் அள்ளி டிக்கியில் போட்டுப் போனவை வீட்டு ஷோகேஸில் அழகாக இருக்கலாம். இனி அவை எதற்கும் சாட்சி சொல்லாது.

இந்தப் பகுதியை உலகுக்குச் சொன்னவர்களே பொழுதுபோக்குக்காரர்கள்தான் என்பதை வேனில் போகும்போது பேராசிரியர் சொன்னார். 1840களில் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் சேர்த்த புதைபடிவங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றைப் படித்து 1846இல் விவரித்து எழுதினார். அதற்குப் பிறகுதான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வந்தது. எச். எஃப். பிளான்ஃபோர்ட் வரைபடம் போட்டார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற மொராவியாக்காரர் 1862இல் வேலைக்குச் சேர்ந்து, தென்னிந்திய கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றி எழுதிய பெரும் தொகுதிகள் இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கின்றன. அவர் 1874இல், யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்தார். லேயில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. லடாக்குக்கு பைக் ஓட்டிக்கொண்டு போகும் நம் பையன்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். அரியலூர் நத்தைகளுக்குப் பெயர் வைத்தவர் அங்கே கிடக்கிறார் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கருடமங்கலம் பக்கம் கொஞ்ச நேரம் நின்றோம். சிப்பி செறிந்த சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடம் இது. மெருகேற்றினால் கருஞ்சாம்பல் தளத்தில் வெள்ளைச் சிப்பிகள் சுழிசுழியாகத் தெரியும். வெள்ளைக்காரர்கள் இதைத் திருச்சினாப்பள்ளி மார்பிள் என்றார்கள். மார்பிள் அல்ல, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

சாத்தனூரில் கல்மரப் பூங்கா நிழலில் சாப்பாடு. புளியோதரை, தயிர் சாதம், யாரோ கொண்டுவந்த மாவடு. வேலி போட்ட பள்ளத்துக்குள் மரம் படுத்திருக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளம். 1940இல் இதைக் கண்டு சொன்னவர் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன், தஞ்சாவூர்க்காரர். பின்னாளில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்ற முதல் இந்தியர். தேசியப் புவியியல் சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முன் நிலத்தை ஆண்ட ஊசியிலை மரக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றில் அடித்து வந்து கடலில் மூழ்கி, சேற்றில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் சிலிக்கா புகுந்து கல்லாகிவிட்டது. பக்கத்து வரகூர், அணைப்பாடி வயல்களிலும் இதன் சகாக்கள் துண்டு துண்டாக உண்டு. சாத்தனூர் மரம் பெரிது, வேலி இருக்கிறது, பிழைத்துக்கொண்டது. வயலில் கிடக்கும் துண்டுக்கு வேலி இல்லை. இருந்தும் பல துண்டுகள் பிழைத்திருப்பதற்குக் காரணம், ஊர்க்காரர்கள் அதை மரம் என்று அறிந்து தொடாமல் விட்டதுதான்.

பையன் இதற்குள் பொறுமை இழந்திருந்தான். "டைனோசர் எப்போ சார்?"

டைனோசர் உண்டு, ஆனால் சோகக் கதை. அரியலூருக்கு வடகிழக்கே கல்லமேடு என்ற ஊர். கடல் பின்வாங்கி ஆறுகள் மணல் கொட்டிய காலத்து அடுக்கு அங்கே இருக்கிறது. புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கண்ட எலும்புகளை 1980களின் இறுதியில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். பிரம்மாண்ட உடல் என்று பொருள் வருகிற பெயர். கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று எழுதினார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள இலையுண்ணிக் கூட்டத்தில் சேர்த்தார்கள். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் எலும்பு இல்லை. மழையில் ஊறிப் பதமான எலும்பு, எடுக்கும்போதும் எடுத்த பிறகும் பொடிந்து போனது. மிஞ்சியது சில படங்களும் கோட்டோவியங்களும். களத்தில் எடுத்த பழைய படங்களை அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் 2022இல் வெளியிட்ட பிறகுதான், அப்படி ஒரு விலங்கு இருந்ததா என்ற சந்தேகம் கொஞ்சம் தணிந்தது. பேராசிரியர் பையனைப் பார்த்து, "நீ போட்டோ எடுத்தே இல்ல? அது மாதிரி அவங்களும் எடுத்து வச்சதாலதான் அது இன்னிக்குப் பேச்சிலேயாவது இருக்கு" என்றார். பையன் அப்பாவின் செல்போனை வாங்கி அம்மோனைட் படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

டைனோசர் முட்டைக் கதை வேறு வகை. 2020இல் குன்னம் பக்கம் குளத்து மண்ணில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்து, டைனோசர் முட்டை என்று படம் ஊரெல்லாம் சுற்றியது. ஜனம் திரண்டது. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, அவை அம்மோனைட் போன்ற கடலுயிர்களைச் சுற்றி வண்டல் இறுகி உண்டான உருண்டைகள் என்றார்கள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. எனக்கு இதில்தான் ஆதங்கம். உருண்டைக்குள் முட்டையைவிட நல்ல சங்கதி இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியர் அன்று அங்கே இருந்திருந்தால், அதே கூட்டத்தை அப்படியே உட்கார வைத்திருக்கலாம். டைனோசர் என்றால் வருகிறார்கள், வந்தவர்களிடம் நத்தையைக் காட்டுவது நம் சாமர்த்தியம்.

அரியலூரை நெருங்க நெருங்க லாரிகள். சாலையோரச் செடிகளின் இலைகளில் வெள்ளைப் பொடி. கல்லங்குறிச்சியில் கம்பத்தையே பெருமாளாகக் கும்பிடும் கலியுக வரதராசர் கோயில் இருக்கிறது, அதே பெயரில் ஏழு கோடி ஆண்டுச் சுண்ணாம்புக்கல் அடுக்கும் இருக்கிறது. வெட்டி முடித்த ஒரு பழைய சுரங்கக் குழிக்குள் இறங்க முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, சுவரை ஒட்டிப் போகாமல், வரிசையாக இறங்கினோம்.

சுவர் முழுக்கச் சிப்பி. கிரைஃபியா என்ற கனத்த சிப்பி, ஒரு பக்க ஓடு கிண்ணமாகக் குழிந்து, மறுபக்க ஓடு மூடியாகத் தட்டையாக. இரண்டும் சேர்ந்தபடியே நிறையக் கிடந்தன. இறந்த பிறகு அலை புரட்டியிருந்தால் மூடி தனியே போயிருக்கும். சேர்ந்து கிடந்தால் பிராணி இருந்த இடத்திலேயே புதைந்தது என்று அர்த்தம். முதுகலைப் பெண்களில் ஒருத்தி இதை விளக்கினாள். கல்லூரியில் படித்ததை முதன்முதலாகக் கையில் பிடித்துச் சொல்கிறேன் என்றாள். நான்கு ஆண்டுகள் நிலவியல் படித்த பெண் அவள்.

இந்தச் சிப்பிதான் சிமெண்ட். கல்லக்குடி என்றால் நமக்கு 1953இல் தண்டவாளத்தில் தலை வைத்த போராட்டம் நினைவு வரும். 1939இல் அங்கே வந்த சிமெண்ட் ஆலை தேடி வந்தது, பழங்கடலில் பவளமும் பாசியும் கட்டி வைத்த சுண்ணாம்பை. பிறகு அரியலூரைச் சுற்றி ஆலை ஆலையாக எழுந்தன. நம் வீட்டுச் சுவர்களில் எத்தனையோ அம்மோனைட் அரைபட்டுக் கிடக்கிறது. இதற்காக ஆலைகளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் குழி வெட்டாமல் இருந்திருந்தால் இந்தச் சுவரை யாரும் பார்த்திருக்கவே முடியாது. சுரங்கம்தான் காட்டுகிறது, சுரங்கம்தான் அழிக்கிறது. காட்டுவதற்கும் அழிப்பதற்கும் நடுவில் ஒருவர் போய்ப் பார்த்து, எழுதி, எடுத்து வைக்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்துக்கு ஏற்பாடு இல்லை என்பதுதான் குறை.

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். மேரி ஆனிங் என்ற ஏழைப் பெண் கடல் பல்லிகளின் எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்து விற்றுப் பிழைத்த ஊர். அங்கே குன்று சரிந்து கடற்கரையில் விழுவதைப் பொதுமக்கள் பொறுக்கலாம், ஏனென்றால் விட்டால் அலை அரைத்துவிடும். ஆனால் குன்றைத் தோண்டக்கூடாது. முக்கியமானது கிடைத்தால் பதிவு செய்து, அருங்காட்சியகங்கள் வாங்க முதல் வாய்ப்புத் தர வேண்டும். அருங்காட்சியகமே நடைக்குக் கூட்டிப் போகிறது, ஆண்டுதோறும் ஃபாசில் திருவிழாவும் உண்டு. பொறுக்குகிறவனைத் திருடனாக்காமல் கூட்டாளியாக்கிக்கொண்ட ஏற்பாடு. நம் காரையில் அலைக்குப் பதில் வடகிழக்குப் பருவமழை, அவ்வளவுதான் வித்தியாசம். நம் நாட்டில் 2022 டிசம்பரில் புவிமரபு இடங்களைக் காக்க ஒரு சட்ட வரைவை மத்திய அரசு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அதிகாரம் எல்லாவற்றையும் ஒரே துறையின் கையில் குவிக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்தச் சர்ச்சையில் ஆடு மேய்க்கும் பாட்டிக்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

வாரணவாசியில் அரசு நடத்தும் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மண்ணில் கிடைத்தவற்றை ஊரிலேயே வைத்துக் காட்டுகிற இடம். காலையிலிருந்து கையில் பிடித்துப் பார்த்தவை கண்ணாடிக்குள் முழுசாக இருந்தன. முதலில் இங்கே வந்துவிட்டுக் காரைக்குப் போயிருந்தால் இவை வெறும் கல்லாகத்தான் பட்டிருக்கும். போகிறவர்கள் இதே வரிசையில், களம் முதலில், கண்ணாடி பிறகு என்று போவது நல்லது.

வெளியே வந்து புளியமரத்தடியில் செய்தித்தாள் விரித்துக் கூட்டம். அன்று ஒவ்வொருவரும் எடுத்ததை நோட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். பேராசிரியர் ஒவ்வொன்றாக எடுத்து, உருப்பெருக்கியில் பார்த்து, சொல்லிக்கொண்டு போனார். செவிலியர் எடுத்தது கடல் முள்ளெலியின் ஓட்டுத் துண்டு. அதில் ஐந்து இதழ்க் கோலத்தின் பாதி மிச்சமிருந்தது. வங்கிக்காரர் பெருமையோடு வைத்த எலும்பு, இரும்பு ஏறிய களிமண் கட்டி. அவர் சிரித்துவிட்டார், முகம் மட்டும் வாடியது. மாமி கடைசியில் ஒரு சிப்பியை மட்டும் வைத்திருந்தார், குறிப்பு அரைப் பக்கத்துக்கு இருந்தது. அதுதான் அன்றைய சிறந்த குறிப்பு என்று பேராசிரியர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

பிறகு தகராறு. எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா கூடாதா? எதுவுமே எடுக்கக்கூடாது, படத்தோடு நிறுத்த வேண்டும் என்றார் ஓர் ஆசிரியர். மழையில் கரைந்து போவதற்கு வகுப்பறையில் இருக்கட்டுமே என்றார் இன்னொருவர். நடைக்கு ஆள் கூட்டக் கூட்ட இடம் வெளியே தெரிந்து, சாக்கு மூட்டைக்காரர்கள்தான் லாபமடைகிறார்கள் என்று ஒரு கட்சி. இது உண்மையான பயம். எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் சாய்வு, ஒரு திருத்தத்தோடு. ஊரை விட்டு எதுவும் போகக்கூடாது. காரையில் எடுத்தது காரைப் பள்ளிக்கூட அலமாரியில் இருக்கட்டும், அரியது வாரணவாசிக்கு வரட்டும். திருச்சிக்காரர்களும் சென்னைக்காரர்களும் வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். மழைக்கு மறுநாள் ஓடைக்கரை சரிந்ததை முதலில் பார்ப்பது அந்த ஊர்க்காரர்கள்தான். ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லாத ஃபாசில் நடை, சாக்கு மூட்டையின் நாகரிகமான வடிவம்தான். அன்று எங்கள் வேனிலும் காரைக்காரர் ஒருவரும் இல்லை. இதை நான் சொன்னபோது பேராசிரியர் மறுக்கவில்லை. ஆடு மேய்த்த பாட்டியின் பேரன் ஏழாவது படிக்கிறானாம், அடுத்த முறை அவனையும் அவன் வாத்தியாரையும் வழிகாட்டியாகக் கூப்பிடுவதாக ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்றார்.

பையனின் அம்மோனைட்டை நோட்டுப் பக்கத்தோடு சுற்றி ஆசிரியர் ஒருவர் வாங்கிக்கொண்டார், காரைப் பள்ளியில் ஒப்படைக்க. பையன் கண் கலங்கினாலும் கொடுத்துவிட்டான். அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாக ஒப்பந்தம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குத் தீம் பார்க் கூட்டிப் போகுமுன் ஒரு தடவை உங்கள் ஊர் ஓடைக்குக் கூட்டிப் போங்கள், ஆளுக்கொரு நோட்டோடு. வெளியூரிலிருந்து போகிற மற்றவர்களுக்கு: தை, மாசியில் போங்கள், சித்திரையில் அங்கே நிற்க முடியாது. சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். கையில் ஒன்று கிடைத்தால், எங்கே, எந்த மண்ணில், எந்தத் தேதியில் என்று எழுதி, படத்தோடு வாரணவாசியில் காட்டிவிட்டு வாருங்கள். சாக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.